போஸ்ட்மாஸ்டர் தேவசகாயம் போட்ட கொலை நாடகம்

செய்தி கார்டில் வந்தது. வெம்பாக்கத்திலிருந்து அவருடைய மைத்துனர் எழுதியிருந்தார். தேவசகாயம் செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணை மூடினார், அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டோம், உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தார் என்று நாலே வரி. அந்த நாலு வரியையும் ஆரணித் தபால் ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் படித்த பிறகுதான் கார்டு என் கைக்கு வந்தது. "கார்டு திறந்திருக்கிறது என்பதற்காக அது நம்மோடு பேசுவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது" என்று அவர் ஆபீஸில் அடிக்கடி சொல்வார். அவர் சாவுச் செய்திக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கார்டைக் கொண்டுவந்த தபால்காரர் கங்காதரன் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றார்.

"நல்ல மனுசன்மா. யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனா பாருங்க, அந்த விசயத்த மட்டும் வாயே தொறக்காம கூடவே எடுத்துகினு பூட்டாரு."

"எந்த விஷயம்?"

"இன்னாம்மா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்க? வரதப்பன் ஊட்டு விசயந்தான். ஐயாவுக்குத் தெரியாமயா மேடையில காட்டினாரு?"

ஆறு வருஷமாகிறது. இன்னும் இந்த ஊர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அதையேதான் நம்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் இந்த அஞ்சலியில் அவர் குணங்களை மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் வெம்பாக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. மிஷன் பள்ளியில் படித்து, தபால் இலாகாவில் சேர்ந்து, முப்பத்தெட்டாவது வயதில் ஆரணிக்கு மாற்றலாகி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவதும் பதில் எழுதித் தருவதும் அவர் வேலையில் சேர்ந்ததல்ல. ஆனாலும் தினமும் செய்தார். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் படிப்பார். ஒரு நாள் ஒரு கிழவி சண்டைக்கே வந்துவிட்டாள். "சத்தமாப் படிங்க ஐயா! எம் புள்ள பொடவை வாங்கி அனுப்பறான்னு பக்கத்து ஊட்டுக்காரி காதுல விழட்டும். நீங்க முணுமுணுன்னு படிச்சா எனக்கு இன்னா பெருமை?" அவர் சிரித்தார், குரலை மட்டும் உயர்த்தவில்லை. "படிப்பது என் வாய்தான், எஸ்தர். நான் அந்த நேரம் வெளியே போய் நின்றுகொள்வேன்" என்று என்னிடம் சொன்னார். பள்ளிக்கூடக் கடிதங்களோடு நான் அங்கே அடிக்கடி போவேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது.

ஊர் அவரை அப்படி நினைக்கவில்லை. ஊரில் எல்லார் வீட்டு ரகசியமும் தபால் ஐயாவின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று நினைத்தது. அந்த நினைப்பில் பிரியமும் பயமும் கலந்திருந்தன. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுவே வேர்.

நாடகம் அவருக்கு ஒரே ஒரு பலவீனம். வேலூரில் வேலையாக இருந்தபோது வெள்ளைக்காரர்கள் நடித்த ஒரு பழைய கொலைக் கதையைப் பார்த்திருந்தார். அவர்கள் நாட்டில் தலைமுறை தலைமுறையாக மேடை ஏறுகிற கதையாம். கொலை செய்தவன் யார் என்று கடைசிக் காட்சி வரையில் தெரியாது. அதை அவர் தமிழில் எழுதினார். மழைக்காலம், ஆற்றங்கரையில் ஒரு வீடு. ஒதுங்க வந்த நகை வியாபாரிக்கு வீட்டுக்காரர் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சோறு போட்டு, பாயும் விரித்துக் கொடுக்கிறார். விடிந்தால் வியாபாரி பிணமாகக் கிடக்கிறான். பிணத்தின் கைக்குள் ஒரு துணித் துண்டு. அந்த வீட்டில் தங்கியிருந்த ஆறு பேரில் யார்? தண்ணீர் கொடுத்த வீட்டுக்காரர்தான்.

நடிகர்களுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தவள் நான். ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சும், அதற்கு முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொல்லும் மட்டும் ஒரு சின்ன ஏட்டில் இருக்கும். கடைசிக் காட்சியை யாருக்கும் தரவில்லை. நாடகத்தன்று காலையில்தான் தருவதாக ஏற்பாடு. "கடைசிப் பக்கம் இரண்டு பேருக்குத்தான் தெரியும், உனக்கும் எனக்கும்" என்று ஐயா பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரராக நடித்த பாத்திரக்கடை ஏகாம்பரம் தினமும் வந்து கெஞ்சுவார்.

"ஐயா, நான் கொலை பண்ணேனா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க. ஒரே பேஜாரா கீது."

"அமாவாசையன்னைக்குத் தெரிஞ்சிக்குவீங்க."

"எம் பொண்டாட்டி கேக்குறா ஐயா. நீதான்னு தெரிஞ்சா சோறு போட மாட்டேன்றா."

அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. அதனால் அன்று மத்தியானம் கோட்டை மைதானத்துக் கொட்டகையில் நாடகம், விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும் என்று தண்டோரா போட்டார்கள். முதல் நாள் ஒத்திகையில் ஏகாம்பரத்தின் அங்கவஸ்திரம் வெறும் வெள்ளையாக இருந்தது. கடைசி வரிசைக்குத் தெரியாது, கரை போட்ட பட்டு ஒன்று வேண்டும் என்றார் ஐயா. நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

வரதப்ப முதலியார் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் பச்சையம்மாள் மத்தியான வேளைகளில் என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தாள். கலசப்பாக்கத்தில் மாப்பிள்ளை, தை மாதம் கலியாணம். அவள் முகூர்த்தப் புடவையை அவள் அப்பாவே தறியில் ஏற்றியிருந்தார். அவள் அம்மா முனியம்மாள் பெட்டியைத் திறந்து, கணவருடைய பழைய அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தார். மயில்கழுத்து நிறக் கரை; அதன் நடுவே ஒற்றை அரக்கு இழை. கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

"ஒரு மூலையைக் கிழிக்க வேண்டியிருக்கும்" என்றேன் தயங்கி.

"கிழிச்சிக்கோம்மா. பழசுதானே! வேஷத்துக்குன்னா குடுக்க மாட்டமா? எங்க ஊட்டுத் துணி மேடை ஏறப் போவுதுன்னு நாங்களும் வந்து குந்திகினு பாக்கறோம்."

நான் ஆரணியில் வளர்ந்தவள். ஆனால் என் அப்பா வெளியூரிலிருந்து வந்த உபதேசியார். எங்கள் வீட்டில் தறி இல்லை. இங்கிலீஷிலும் தமிழிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவள் என்று என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. நெசவுத் தெருவில் நடை பழகும் குழந்தைக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கரை. முகத்தைப் பார்ப்பதுபோலக் கரையைப் பார்த்து இன்னார் வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவார்கள். மயில்கழுத்தின் நடுவே ஒற்றை அரக்கு இழை ஓட்டுவது ஊரிலேயே ஒரே ஒரு வீடு. ஐயாவுக்கும் இது தெரியாது.

எங்கள் இருவருக்கும் தெரியாதது இன்னொன்றும் இருந்தது. ஐயா இந்த ஊருக்கு வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால், நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், சந்தவாசலிலிருந்து பாசிமணி விற்க வந்த ஒரு மணி வியாபாரி வரதப்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். மறுநாள் ஆற்று மணலில் இறந்து கிடந்தார். பாம்புக்கடி என்று விசாரித்தவர்கள் எழுதி முடித்தார்கள். ஊரும் மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அமாவாசையன்று கொட்டகை கொள்ளவில்லை. பக்கத் தட்டிக்குப் பின்னால் பாட ஏடுகளோடு நான் நின்றேன். ஓலை இடுக்கு வழியாகக் கூட்டம் தெரிந்தது. பிணமாகக் கிடந்தவர் தும்மியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் அந்த அங்கவஸ்திரத்தோடு வந்து, வந்தவனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்ததிலிருந்து ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்து நிற்காமல் ஓடியது. கதையில் ஈடுபட்டுவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியவர் அந்தத் துணித் துண்டை உயர்த்திப் பிடித்து, நான் என் கையால் எழுதிக் கொடுத்த வரியைச் சொன்னார்:

"இந்தத் துண்டு எவருடைய துணியோடு சேருகிறதோ, அவரே கொலையாளி!"

துண்டை ஏகாம்பரத்தின் அங்கவஸ்திரத்தோடு சேர்த்துப் பிடித்தார். கை தட்டுவார்கள் என்று காத்திருந்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்தான் வந்தது.

"ஐயோ, இது வரதப்பன் ஊட்டுக் கரையாச்சே!"

வேறொருவர் சொன்னார்: "அந்த மணி வியாபாரி..." அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் முனியம்மாள் எழுந்து நின்றார். முகத்தில் அப்போதும் பாதிச் சிரிப்பு இருந்தது. தம்முடைய துணியை எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டாரோ என்னவோ. பச்சையம்மாள் கையைப் பிடித்து அவரை வெளியே அழைத்துப் போனாள்.

மறுநாளே ஐயாவுக்கு விஷயம் முழுவதும் தெரிந்தது. நேராகத் தெருவுக்குள் போனார். வீடு வீடாக நின்று, இது இங்கிலீஷ் கதை, எனக்கு அந்த வியாபாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது, துணியை அழகுக்காக எடுத்தோம் என்று சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் போன பிறகு பேசிக்கொண்டதை ஏகாம்பரம் வந்து சொன்னார்.

"நீங்க பேசப் பேச ஜாஸ்தியாவுது ஐயா. 'ஒண்ணுமில்லாத விசயத்துக்கு தபால் ஐயா ஏன் ஊடு ஊடாப் போறாரு? ஏதோ கடுதாசியில படிச்சிருக்காரு. சர்க்கார் வேலை, வாயால சொல்ல முடியாது, அதான் நாடகமாப் போட்டுக் காட்டினாரு'ன்றாங்க."

அன்றுதான் நான் சொன்னேன். துணியைக் கொண்டுவந்தது நான் என்று ஊரறியச் சொல்லிவிடுகிறேன் என்றேன். ஐயா தலையை ஆட்டினார்.

"வாணாம் எஸ்தர். நீ அந்த ஊட்டுக்குள்ள போயி வந்துகினு இருந்தவ. நீ உள்ள எதையோ பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னேன்னு சேத்துக்குவாங்க. உன்னையும் இழுப்பாங்க, அவங்களையும் உட மாட்டாங்க. துணிய நான்தான் கேட்டு வாங்கினேன். அப்படியே இருக்கட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். சீக்கிரமாகவே ஒப்புக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்துக் கலசப்பாக்கத்திலிருந்து வரதப்பர் பெயருக்குக் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கும் என்று ஐயாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நிறுத்தி வைக்கலாமா என்று தோன்றியதாம். "எனக்கு அந்த அதிகாரம் இல்லை" என்றார். சொல்லியனுப்பினார், வரதப்பர் வந்தார். நான் அப்போது உள்ளே இருந்தேன். என்னைப் போகச் சொல்ல ஐயாவுக்கு நினைவில்லை. நானும் நகரவில்லை. வரதப்பருக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை ஐயாவிடமே நீட்டினார். ஐயா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்தார். ஜாதகங்களை மறுபடி பார்த்ததில் பொருத்தம் சரியாக இல்லை, மன்னிக்க வேண்டும் என்று இருந்தது.

"ஜாதகமா? போன மாசம் ஒம்போது பொருத்தம் கீதுன்னாங்களே."

ஐயா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தார்.

"வேற ஒண்ணும் எழுதல?"

"இல்லைங்க."

"இன்னும் ஒரே ஒரு தபா."

மூன்றாம் முறை படித்தபோது ஐயாவின் குரல் நடுவில் நின்றுபோனது. வெளியே போய் நின்றுகொள்ள அன்று அவரால் முடியவில்லை. வரதப்பர் கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த ஆளுக்கு எங்க ஊட்டுல சோறு போட்டோம் ஐயா. அவ்ளோதான் நாங்க பண்ணது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஐயா செய்ததை இப்போதும் உங்களில் சிலர் பரிகாசம் செய்கிறீர்கள். அடுத்த அமாவாசையன்று அதே நாடகத்தை மறுபடியும் போட்டார். வீட்டுக்காரர் வேஷத்தைத் தாமே கட்டினார். வெம்பாக்கத்திலிருந்து கொண்டுவந்த கரையில்லாத வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஊர் பார்க்கும்படி முன் வரிசையில் வந்து உட்கார வேண்டும் என்று வரதப்பரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். வரதப்பர் வந்தார். தம்முடைய கரை போட்ட துணியையே உடுத்தி வந்து, மனைவியும் மகளும் இல்லாமல் தனியாக உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத் துண்டை உயர்த்தினார். ஐயா முன்னால் வந்து, "நான்தான் கொன்றேன்" என்றார். ஓலை இடுக்கு வழியாக நான் பார்த்தேன். கொட்டகையில் ஒரு கண்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் முன் வரிசைப் பக்கம் திரும்பியிருந்தன. வரதப்பர் முதுகை நிமிர்த்தியபடி அசையாமல் இருந்தார். பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்:

"கரைய மாத்திட்டா கொலை மாறிடுமா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு நிறையப் பேர். இன்னொருவர், "பாவம், தபால் ஐயா நல்லவரு. பழியத் தாம்மேல போட்டுக்கினாரு" என்றார். அதற்குத்தான் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு வரதப்பர் தட்டிக்குப் பின்னால் வந்தார். ஐயா முகத்து அரிதாரத்தைக்கூடத் துடைக்காமல் எழுந்து நின்றார்.

"ஐயா, நீங்க நல்லதுக்குத்தான் பண்றீங்க. எனக்குத் தெரியும். இனிமே எங்களுக்காக ஒண்ணும் பண்ணாதீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அந்த அங்கவஸ்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

தை பிறப்பதற்குள் அந்தக் குடும்பம் காஞ்சிபுரம் போய்விட்டது. போகிற அன்று பச்சையம்மாளின் முகூர்த்தப் புடவை தறியில் பாதிதான் ஓடியிருந்தது. வரதப்பர் அதை அப்படியே அறுத்து எடுத்தார். முனியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். அவர்கள் ஓடிப்போனதே போதும், வேறு சாட்சி எதற்கு என்று ஊர் முடிவு செய்தது. இங்கேயே இருந்திருந்தால், எவ்வளவு தைரியம் பார் என்று சொல்லியிருக்கும்.

ஐயா அதன்பின் நாடகம் பக்கம் போகவில்லை. கடிதம் படிக்கும்போது ஜன்னலைச் சாத்துவதையும் விட்டுவிட்டார். சாத்தினால்தானே சந்தேகம் என்று நினைத்தாரோ என்னவோ. ஒவ்வொரு தை மாதமும் வரதப்பர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுவார். ஒவ்வொன்றும் 'வாங்க மறுத்துவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பி வரும். ஆரணிக்குத் திரும்பி வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்த வேண்டியவர் அவரே. ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்முடைய கடிதத்தின்மேல் முத்திரையை நிதானமாக, எழுத்துக் கலையாமல் குத்தினார். "இது ஒன்றையாவது சரியாகச் செய்கிறேன்" என்றார். இருமல் அதற்குள் வந்துவிட்டிருந்தது. பச்சையம்மாளுக்குக் கலியாணம் ஆகவில்லை என்று யாரோ சொல்லக் கேட்ட வாரத்தில்தான் அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெம்பாக்கம் போனார். திரும்பவில்லை.

துணியைக் கொண்டுவந்தவள் நான். அவர் சாகும் வரையில் அதை யாரிடமும் சொல்லவில்லை. கொலையும் இல்லை, ரகசியமும் இல்லை. அவர் கூடவே எடுத்துக்கொண்டு போனது என் பெயரை மட்டும்தான். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். வாத்தியாரம்மா இத்தனை வருஷம் கழித்து ஏன் எழுதுகிறாள், அந்த வீட்டுக்குள் என்ன பார்த்தாளோ என்பீர்கள். ஆகட்டும். பச்சையம்மாளுக்கும் இதையே எழுதிப் போன வாரம் அனுப்பினேன். நேற்று அது திரும்பி வந்துவிட்டது. புது போஸ்ட்மாஸ்டர் குத்திய முத்திரை கலைந்திருந்தது.

அதே தபாலில் வெம்பாக்கத்திலிருந்து ஒரு சின்ன உறையும் வந்தது. அவருடைய வேதப்புத்தகத்துக்குள் இருந்ததாம். மேலே என் பெயர் எழுதியிருந்ததால் அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே காகிதம் ஒன்றும் இல்லை. முதல் நாடகத்தில் பிணத்தின் கையிலிருந்து எடுத்த அந்தத் துணி மூலை மட்டும் இருந்தது.

என் பெட்டியைத் திறந்து, வரதப்பர் வாங்காமல் விட்ட அங்கவஸ்திரத்தை எடுத்து விரித்தேன். கிழிந்த இடத்தில் அந்த மூலையை வைத்தேன். ஒற்றை அரக்கு இழை விட்டுப்போகாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடியது. இந்தத் துண்டு எவருடைய துணியோடு சேருகிறதோ, அவரே. அந்த வரியை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மீந்திருப்பது இதுதான்.